கெமிஸ்ட்ரியைத் தள்ளிப்போட விடாதீர்கள்

சார், நேற்று போனில் அரை மணி நேரம் பேசினீர்கள். சுருக்கினால் இவ்வளவுதான்: "திருவாரூர்ப் பக்கம் வயலை விற்றுவிட்டுக் கலிபோர்னியா வந்தோம். என் மகள் திரும்பவும் வயலுக்கே போகிறேன் என்கிறாள். அதுவும் கம்யூனிட்டி காலேஜ் வழியாக. ஊரில் கேட்டால் என்ன சொல்வது?" ஊருக்கு என்ன சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். மற்றதற்குப் பதில் சொல்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் முதல் இரண்டு வருஷம் அங்கே படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழி. அந்தப் பெயரைக் கேட்டதும் வேறெங்கும் சீட் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். விவசாயப் படிப்பைப் பொறுத்தவரை அது சரியில்லை. மொடெஸ்டோ, ரீட்லி, டுலேரி என்று சென்ட்ரல் வேலியில் இருக்கும் கல்லூரிகள் சொந்தப் பண்ணையே வைத்திருக்கின்றன. பாடங்களை யூனிட் கணக்கில் அளப்பார்கள்; கலிபோர்னியாவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். பல்கலைக்கழகத்துக்கு மாற வேண்டிய 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். புதிதாக முழுநேரம் சேருகிறவர்களுக்குப் பல கல்லூரிகள் இதையும் தள்ளுபடி செய்கின்றன. யூ.சி. எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆண்டுக்கே 14,000 டாலருக்கு மேல். அப்புறம், நீங்கள் ஆசைப்படும் யூ.சி. டேவிஸ்கூட 1908-ல் பெர்க்லி வளாகத்தின் பண்ணைப் பள்ளியாகத்தான் தொடங்கியது.

ஆகவே கல்லூரி எனக்குக் கவலையில்லை. என் கவலை கெமிஸ்ட்ரி.

சேர்ந்த புதிதில் எல்லாரும் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: "முதல் வருஷம் ஈசியான பொதுப் பாடங்களை முடித்துவிடு, மேஜர் பாடத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." வரலாறு, உளவியல் படிக்கிறவர்களுக்கு இது ஒத்துவரலாம். தாவர அறிவியலுக்கோ கால்நடை அறிவியலுக்கோ போகிறவர்களை இது கவிழ்த்துவிடும். என்னிடம் வந்த ஒரு பையன் அப்படித்தான் முதல் வருஷம் முழுக்க ஏ கிரேடாக வாங்கினான். கெமிஸ்ட்ரியை மூன்றாம் செமஸ்டரில் தொட்டான். அதற்கு முன் அறிமுகப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வருஷம் மூன்றாகிவிட்டது.

எந்தக் கல்லூரிப் பாடம் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தைத் திறந்து, மகளின் கல்லூரி, டேவிஸ், அவள் விரும்பும் மேஜர் மூன்றையும் கொடுத்துப் பாருங்கள். இடப்பக்கம் டேவிஸ் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடாக அவள் கல்லூரியில் இருக்கும் பாடம். டேவிஸில் பொது வேதியியல் மூன்று குவார்ட்டராக (செமஸ்டரைவிடச் சிறிய பருவம்) ஓடும். கம்யூனிட்டி காலேஜில் அது பெரும்பாலும் இரண்டு செமஸ்டர். அந்த இரண்டையும் சேர்த்து முடித்தால்தான் மூன்றுக்கும் ஈடாகும் என்று பல இடங்களில் போட்டிருக்கும். ஒன்றை முடித்துவிட்டு மாறினால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். சில வரிகளுக்கு எதிரே ஈடான பாடமே இல்லை என்றும் வரும். அவற்றைச் சேரும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

டேவிஸ் உட்பட ஆறு யூ.சி. வளாகங்கள் டேக் என்ற இடமாற்ற உத்தரவாதம் தருகின்றன. ஆறில் ஒன்றுக்குத்தான் கேட்கலாம். இரண்டாம் வருஷம் செப்டம்பர் மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்குள் 30 யூனிட் கையில் இருக்க வேண்டும். டேக் கொடுத்தாயிற்றே என்று நவம்பர் இறுதியில் முடியும் வழக்கமான விண்ணப்பத்தை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது போடாவிட்டால் டேக் செல்லாது. மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட் பக்கம் போவதென்றால் இடமாற்றத்துக்கென்றே உள்ள அசோசியேட் டிகிரி இருக்கிறது. அது கால் ஸ்டேட் அமைப்பில் ஓர் இடத்துக்கு உத்தரவாதம், கேட்ட வளாகத்துக்கு அல்ல. அதன் வளாகங்களில் ஒன்றான ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டைக் குறைவாக எண்ண வேண்டாம். மாணவர்கள் விளைவிக்கும் மக்காச்சோளத்தை வாங்க ஊரே வரிசையில் நிற்கும். 1997 முதல் அந்த வளாகமே உரிமம் பெற்று ஒயின் தயாரித்து விற்கிறது.

விசாவையும் பாருங்கள். மகள் எச்-4 (வேலை விசாவில் இருக்கும் பெற்றோரைச் சார்ந்த விசா) என்றால் 21 வயதில் அது முடிகிறது. இடமாற்றமும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான் வரும். மாணவர் விசாவான எஃப்-1க்கு மாறினால் கட்டணக் கணக்கே வேறு. வழக்கறிஞரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

வேலை? மண்வெட்டி பிடிக்கப் போவதில்லை சார். இந்த மாநிலத்தில் பயிருக்கு எந்த மருந்து அடிக்கலாம் என்று தொழில்முறையில் பரிந்துரைக்க அரசு உரிமம் வேண்டும். அதற்குக் குறிப்பிட்ட பாடங்களில் 42 செமஸ்டர் யூனிட் கேட்கிறார்கள். 2014-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தபிறகு, எவ்வளவு நீர் இறைக்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டிய நிலை பாதாம் தோட்டக்காரர்களுக்கும் வந்திருக்கிறது. பாசனம் தெரிந்த ஆளுக்கு அங்கே வேலை இருக்கிறது. மேட்டூர் திறக்குமா என்று ஜூன் மாதம் காத்திருந்த குடும்பத்துக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை வாருங்கள். அவளுடைய பள்ளி மார்க் பட்டியலை எடுத்து வாருங்கள், முதல் செமஸ்டரிலேயே கெமிஸ்ட்ரியில் நேராகச் சேர முடியுமா என்று அதில்தான் பார்க்க வேண்டும். மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். போனில் அவள் குரலை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.