நிரூபிக்க வேண்டியவர் யார்?

கேள்வி: லாசரு என்பவர் மரித்து நான்காம் நாளில் இயேசுவால் உயிரோடு எழுந்தார் என்று வேதாகமம் சொல்வதை நான் நம்பவில்லை என்றேன். “நடக்கவில்லை என்று உன்னால் நிரூபிக்க முடியுமா?” என்று நண்பர் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அப்படியானால் தோற்றது நானா?

பதில்: இல்லை. “நம்பவில்லை” என்பதும் “நடக்கவே இல்லை” என்பதும் வேறு வேறு. தரப்பட்ட சான்று தமக்குப் போதவில்லை என்று சொல்பவர், அதற்கு மேல் எதையும் நிரூபிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். நடக்கவே இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தால், காரணம் காட்ட வேண்டியவர் நீங்கள்தான். நான் விசுவாசி, அற்புதம் நடந்தது என்று பிறர் ஏற்க வேண்டுமென விரும்பினால், சான்று தர வேண்டியவன் நானே என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நிரூபிக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் இந்தத் தவறு, அற்புதங்களை மறுக்கும் தரப்பிலும் உண்டு. சாட்சியம் பொய்யாக இருப்பது, அது சொல்லும் அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தாலொழிய அந்தச் சாட்சியம் போதாது என்று தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748இல் எழுதினார். எடைபோடுவதற்கு அது நல்ல அளவுகோல். ஆனால், அற்புதம் என்று ஒன்று நடக்கவே முடியாது, ஆகவே சாட்சியத்தைப் பார்க்கத் தேவையில்லை என்பவர், நிரூபிக்க வேண்டியதையே முன்கூட்டி ஏற்றுக்கொண்டு பேசுகிறார். நான்கு சுவிசேஷங்களில் லாசரு எழுந்த செய்தி யோவான் 11ஆம் அதிகாரத்தில் மட்டுமே இருக்கிறது. இவ்வளவு பெரிய நிகழ்ச்சியை மற்ற மூவர் ஏன் எழுதவில்லை என்று நண்பரிடம் கேளுங்கள். பேச்சு அங்கிருந்து உருப்படியாக நகரும்.

கேள்வி: வேதாகமத்தில் பிழையே இல்லை என்பவர், “இருந்தால் ஒன்றைக் காட்டுங்கள்” என்கிறார். அது நியாயம்தானே?

பதில்: கேட்பது நியாயம்தான், காட்டிய பிறகு நடப்பதில்தான் சிக்கல். யூதா நாட்டில் அகசியா ராஜாவானபோது அவனுக்கு வயது 22 என்கிறது 2 ராஜாக்கள் 8:26. 2 நாளாகமம் 22:2இன் எபிரெய வாசகமும், அதைப் பின்பற்றும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் 42 என்கின்றன. அவன் தகப்பன் யோராமோ 32 வயதில் ராஜாவாகி, எட்டு வருடம் ஆண்டு இறந்தவன். 42ஐ ஏற்றால், மகன் தகப்பனுக்கு இரண்டு வயது மூத்தவனாகிறான்! பழைய சீரிய மொழிபெயர்ப்பில் 22 என்றே இருப்பதால், நகலெடுத்தவரின் கைத்தவறு என்ற விளக்கத்தை நானும் ஏற்கிறேன்.

ஆனால் அதை ஒவ்வொரு இடத்திலும் சொல்லத் தொடங்கினால் என்ன ஆகும்? வேதாகமத்தில் பிழையில்லை என்று கிறிஸ்தவத் தலைவர்கள் 1978இல் வெளியிட்ட சிகாகோ அறிக்கை, பிழையின்மை என்பது மூலப்பிரதிகளுக்கே, அதாவது முதன்முதலில் எழுதப்பட்ட பிரதிகளுக்கே, உரியது என்றது. கிடைக்கும் பிரதிகளிலிருந்து மூலத்தை மிகத் துல்லியமாக அறியலாம் என்றும் அதே அறிக்கை சொல்வதை மறைக்கக் கூடாது. ஆயினும் மூலப்பிரதி ஒன்றுகூட இன்று இல்லை; காட்டப்படும் பிழைகளையெல்லாம் அந்தப் பிரதிகளின் பெயரால் தள்ளிவிட்டால், “காட்டுங்கள்” என்ற அழைப்புக்கே பொருளில்லை.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் “நான்றுகொண்டு செத்தான்”, அதாவது தூக்குப்போட்டு இறந்தான், என்கிறது மத்தேயு 27:5. தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தது என்கிறது அப்போஸ்தலர் 1:18. கயிறு அறுந்து விழுந்திருக்கலாம் என்பார்கள். முரண்பாடு உறுதி என்பவரை நிறுத்த அந்த “இருக்கலாம்” போதும். பிழையே இல்லை என்று நிலைநாட்ட அது போதாது. எனவே வசனங்களைத் திறப்பதற்கு முன்பே, எதைக் காட்டினால் பிழையென்று ஒப்புக்கொள்வார் என்று அவரிடம் கேட்டுவிடுங்கள்.