மின்னணுக் கேள்வி – பதில்

கேள்வி: கடையில் சிசிடிவி கேமராக்களுக்கு 12 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றும் ‘ஸ்விட்சிங்’ முறை பவர் சப்ளை) போட்டிருக்கிறேன். பகலில் பரவாயில்லை, இரவில் படம் அலையடிக்கிறது. வெளியீட்டுப் பக்கம் இருக்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தேன், 940 காட்டுகிறது. அப்படியானால் கெப்பாசிட்டர் நல்லதுதானே?
– ஸ்ரீராமபுரம் வாசகர், பெங்களூரு

பதில்: அந்த 940ஐ நம்பிவிடாதீர்கள். மல்டிமீட்டர் கெப்பாசிட்டரை மெதுவாகச் சார்ஜ் செய்து கொள்ளளவைக் கணக்கிடுகிறது. உங்கள் எஸ்எம்பிஎஸ் வேலை செய்வதோ நொடிக்குப் பல்லாயிரம் முறை. அந்த வேகத்தில் முடிவு செய்வது கொள்ளளவு அல்ல. கெப்பாசிட்டருக்குள் தொடராக ஒளிந்திருக்கும் மின்தடை, அதாவது இஎஸ்ஆர். உள்ளே இருக்கும் திரவம் காயக் காய அது ஏறும். நல்ல 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டரில் அது 0.1 ஓமுக்குக் கீழே இருக்கும். 0.5 ஓமுக்கு ஏறிவிட்டால், 2 ஆம்பியர் சிற்றலை மின்னோட்டத்துக்கு (கெப்பாசிட்டருக்குள் வேகமாகப் போய்வரும் மின்னோட்டம்) 1 வோல்ட் அலை வெளியீட்டில் ஏறும். 2 வாட் வெப்பம் கெப்பாசிட்டருக்குள்ளேயே எரியும். அந்தச் சூட்டில் திரவம் இன்னும் வேகமாகக் காயும். இரவில் கேமராவின் அகச்சிவப்பு எல்இடிகள் எரிவதால் லோடு கூடுகிறது, அதனால்தான் கோளாறு அப்போது தெரிகிறது.

100 கிலோஹெர்ட்ஸில் அளக்கும் இஎஸ்ஆர் மீட்டர் வேண்டும். அது மிகக் குறைந்த வோல்டேஜ் கொடுப்பதால் போர்டில் உள்ள டயோடுகள் விழித்துக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தாது. போர்டிலேயே வைத்து அளக்கலாம். ஆனால் இரண்டு கெப்பாசிட்டர்கள் இணையாக இருந்தால் நல்லது கெட்டதை மறைத்துவிடும். அப்போது ஒரு காலைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

தொடுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்குங்கள். மெயின் கெப்பாசிட்டரில் (மின்சாரம் உள்ளே வரும் பக்கம் இருக்கும் பெரியது) ஏறக்குறைய 325 வோல்ட் டிசி நிற்கும். 10 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கம்பிகளால் அதன் இரு கால்களுக்கும் குறுக்கே 10 நொடி வைத்துச் சார்ஜை இறக்கி, மீட்டரில் சரிபார்த்த பிறகே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யவே வேண்டாம்.

எஸ்பி ரோட்டில் (பெங்களூரின் மின்னணுப் பொருள் சந்தை) வாங்கும்போது ‘1000 மைக்ரோ, 25 வோல்ட், 105 டிகிரி, லோ இஎஸ்ஆர்’ என்று முழுதாகக் கேளுங்கள். 85 டிகிரி மலிவுதான். ஆனால் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். மூடிய பெட்டிக்குள் அது தாங்காது. கால்களில் ஈயம் ஒட்டியிருந்தால் கழற்றி விற்ற பழைய சரக்கு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சப்ளை ‘டிக் டிக்’ என்று தொடங்கித் தொடங்கி அணைந்தால், கன்ட்ரோல் ஐசிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய கெப்பாசிட்டரை முதலில் மாற்றுங்கள். யூசி3842 போன்ற ஐசி 16 வோல்டில் எழுந்து, 10 வோல்டுக்கு இறங்கினால் நின்றுவிடும். ஐசி எழுந்து சப்ளை சீராகும் வரை அதற்கு மின்சாரம் தருவது அந்தக் கெப்பாசிட்டர்தான்; அது காய்ந்தால் அந்த இடைப்பட்ட நேரத்தைத் தாங்காது.

கேள்வி: எஸ்எம்பிஎஸ்ஸைக் கண்டுபிடித்தது ஆப்பிள் நிறுவனம் என்கிறார்களே?
– அல்சூர் வாசகர், பெங்களூரு

பதில்: இல்லை. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினிக்கு ராட் ஹோல்ட் வடிவமைத்த சப்ளை அருமையானது, விசிறியே தேவைப்படவில்லை. ஆனால் ஸ்விட்சிங் முறை அதற்கு முன்பே இருந்தது. அது எங்கும் பரவியதற்கு வேகமான உயர்வோல்ட் டிரான்சிஸ்டர்களும், 1976இல் ராபர்ட் மம்மானோ உருவாக்கிய எஸ்ஜி1524 போன்ற கன்ட்ரோல் ஐசிகளும்தான் காரணம். என் கணிப்பில் பெரும் பங்கு இவற்றுக்கே.

கேள்வி: 0.1 ஓம் ஷண்ட் ரெசிஸ்டரை (மின்னோட்டத்தை அளக்கப் பயன்படும் சிறு மின்தடை) அளந்தால் 0.4 காட்டுகிறது. பழுதா?
– கே.ஆர்.புரம் வாசகர், பெங்களூரு

பதில்: மீதி 0.3 உங்கள் புரோப் கம்பிகளுடையது. கெல்வின் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய நான்கு கம்பி வழியில் போங்கள். 5 வோல்ட் சப்ளையிலிருந்து 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக மின்னோட்டத்தை ஷண்டுக்குள் விட்டு, ஒரு மீட்டரில் அதை அளந்துகொள்ளுங்கள். 1 ஆம்பியரை ஒட்டி வரும். இரண்டாவது மீட்டரின் முனைகளை மின்னோட்டக் கிளிப்புகளுக்கு உட்புறம், ரெசிஸ்டரின் உடலை ஒட்டி வையுங்கள். 1 ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட் வந்தால் 0.1 ஓம் சரி. கிளிப்பின் மேலேயே முனையை வைத்தால் தொடுமுகத் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும்.