குண்டு விழாத ஏப்ரல்

கேள்வி: 1942-இல் ஜப்பான்காரனுக்குப் பயந்து மெட்ராஸ் காலியானதைப் பற்றிய வரலாற்று நூல் ஒன்றைப் படமாக்க ஆசைப்படுகிறேன். நூலாசிரியர் வாய்வார்த்தையாகச் சம்மதித்துவிட்டார். தயாரிப்பாளரோ, "துறைமுகத்தில் குண்டு விழுகிற சீன் இல்லாமல் படம் எப்படி ஓடும்?" என்கிறார். என்ன செய்யலாம்?
– உதவி இயக்குநர், ராயபுரம்

பதில்: தம்பி, அந்த சீனுக்கு மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். அந்த ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்தது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. மெட்ராஸில் விழவில்லை. அடுத்தது நாம்தான் என்ற பயத்திலேயே ஊர் காலியானது. சென்ட்ரல் பக்கம் அப்போது இருந்த மிருகக்காட்சிசாலையில், கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடுமே என்று கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள். உங்கள் படத்துக்கு உயிரே அந்தப் பயம்தான்.

தயாரிப்பாளருக்கு நெருப்பும் சத்தமும் வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டதில் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் நிஜமாகவே எரிந்தன. புதுப்பெண்ணாக அதைப் பார்த்த ஒருத்தியை 1942-இல் பாட்டியாகக் கொண்டுவாருங்கள். வீட்டில் முதலில் மூட்டை கட்டுபவள் அவளாகத்தான் இருப்பாள்.

நூல் முழுவதையும் எடுக்கப் பார்க்காதீர்கள். அதிகாரிகள் கூட்டம், அரசு உத்தரவு எல்லாம் நூலிலேயே இருக்கட்டும். ஒரே ஒரு வீடு போதும். கிராமத்தில் சொந்தபந்தம் உள்ளவர்கள் ரயிலேறிவிடலாம். துறைமுகத்தில் தினக்கூலிக்கு மூட்டை தூக்கியவர் எங்கே போவார்? காசிமேட்டிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் அன்று சிறுபிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறை ஒட்டியிருப்பார்கள். தள்ளிப்போடாமல் போய்ப் பேசுங்கள். அன்றைக்கு அடுப்பில் என்ன வெந்தது, பூட்டிய வீட்டை யார் பார்த்துக்கொண்டார்கள், வாடகை கேட்டு யாராவது வந்தார்களா என்பதெல்லாம் அவர்களோடு போய்விடும்.

அப்புறம், வாய்வார்த்தை செல்லாது. நடந்த சம்பவங்கள் யாருக்கும் சொந்தமில்லை. அவற்றை நூலாசிரியர் எழுதிய விதம் அவருடையது. படமாக்கும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுதான். உரிமை வாங்கி ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அது கைவிட்டுப் போய்விடும். படம் தொடங்க இரண்டு மூன்று ஆண்டு ஆகலாம் என்பதால் அந்த வரியை வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள். உரிமை உங்கள் பெயரில் இருக்கட்டும். தயாரிப்பாளர் பெயரில் போனால், அந்தக் குண்டை வேறொரு இயக்குநரை வைத்துப் போட்டுவிடுவார்.