ஃப்ரிட்ஜைப் படுக்க வைத்துக் கொண்டு போகலாமா?

கேள்வி: ஆவணி முதல் வாரத்தில் மதுரையிலிருந்து சென்னைக்குக் குடிபோகிறோம். எங்களுடையது நான்கு வருட டபுள் டோர் ஃப்ரிட்ஜ். மாமியாரின் பழைய சிங்கிள் டோரும் கூடவே வருகிறது. அதன் ஃப்ரீசரில் ஐஸ் பாறையாகக் கட்டிக் கிடக்கிறது. இரண்டையும் படுக்க வைத்துத்தான் ஏற்ற முடியும் என்கிறார் வண்டிக்காரர். இறக்கியவுடன் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார், ஒரு நாள் பொறுக்க வேண்டும் என்று இன்னொருவர் சொல்கிறார். மாமனாரின் இன்சுலினும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் வண்டிக்காரரிடம் பேசுங்கள். நிற்க வைத்து, பக்கவாட்டில் கட்டி வருவதற்குத் தோதான வண்டிதான் வேண்டும் என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குட்டி யானையிலேயே ஃப்ரிட்ஜை நிற்க வைத்துக் கட்டலாம். படுக்க வைத்தால் அதன்மேல் நாலு மூட்டை போடலாம் என்பது அவர்களுடைய வசதி. அந்த வசதிக்கு விலை கொடுக்கப்போவது உங்கள் கம்ப்ரஸர்.

ஃப்ரிட்ஜின் பின்னால், அடியில், கறுப்பாக உருண்டையாக இருப்பதுதான் கம்ப்ரஸர். அது முழுக்க சீல் வைத்த இரும்புக் கூடு. உள்ளே மோட்டாரும் பம்ப்பும் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும். அடியில் கொஞ்சம் எண்ணெய் நிற்கும். நிமிர்ந்து நிற்கும் வரை எண்ணெய் அதன் இடத்தில் இருக்கும். படுக்க வைத்துவிட்டால் குழாய்க்குள் வழிந்து போகும். அங்கிருந்து கேப்பிலரி என்ற மெல்லிய குழாய் வரை போய்ச் சேர்ந்தால்தான் தொல்லை. கேப்பிலரி குழாயின் உள் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் எண்ணெய் தேங்கினால் குளிரூட்டும் கேஸ் ஓடாது. கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், குளிர் மட்டும் வராது. இன்னொன்று, பம்ப் கேஸை அமுக்குவதற்காகச் செய்தது, எண்ணெயை அமுக்க அதனால் முடியாது. அந்த நிலையில் ஸ்விட்சைப் போட்டால் வால்வு உடையலாம். மதுரையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 460 கி.மீ. இரவு முழுக்கப் படுத்தபடி பள்ளத்திலும் வேகத்தடையிலும் குலுங்கி வந்தால் அந்த ஸ்பிரிங் இடம் மாறிப்போகவும் கூடும்.

மாடிப்படியில் தூக்கும்போது சாய்க்காமல் முடியாது. 45 டிகிரி வரை கொஞ்ச நேரம் சாய்ப்பதால் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம்.

வேறு வழியே இல்லை, படுக்க வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பக்கவாட்டில் மட்டும் படுக்க வையுங்கள். முதுகு கீழே போகவே கூடாது, கதவுப் பக்கமும் கூடாது. கம்ப்ரஸரிலிருந்து இரண்டு குழாய்கள் போகும். பருமனானது குளிர்ந்திருக்கும், மெல்லியது, ஓடும்போது கையைப் பக்கத்தில் கொண்டு போனாலே சுடும். அந்தச் சூடான குழாய் கிளம்பும் பக்கம் மேலே இருக்க வேண்டும். அடையாளம் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்து உங்கள் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். புது மாடல்களில் பக்கச் சுவருக்குள்ளேயே சூட்டை வெளியே விடும் கண்டென்ஸர் குழாய் ஓடுகிறது. அதனால் அடியில் மெத்தை போடுங்கள். மேலே எதையும் ஏற்றவிடாதீர்கள்.

எவ்வளவு நேரம் பொறுப்பது? உங்களுக்குச் சொன்ன இரண்டு பேருமே பாதி சரி. வழி முழுக்க நின்றே வந்த ஃப்ரிட்ஜுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். படுத்து வந்தது என்றால், எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ குறைந்தது அவ்வளவு நேரம் நிமிர்ந்து நிற்க வேண்டும். இரவுப் பயணத்துக்கு முழுசாக 24 மணி நேரம் கொடுங்கள். உங்கள் மாடலின் கையேடு இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதையே கேளுங்கள். பால் காய்ச்சிய வீட்டில் உடனே ஃப்ரிட்ஜைப் போடச் சொல்லிப் பெரியவர்கள் அவசரப்படுவார்கள். அன்றைக்கு மட்டும் வேளைக்கு வேளை பால் பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஐஸ் பாறை. என் அனுபவத்தில், பயணத்தில் கெட்ட ஃப்ரிட்ஜைவிட, கிளம்புவதற்கு முதல் நாள் இரவு கத்தியால் குத்திக் கெடுத்த ஃப்ரிட்ஜ்தான் அதிகம். இதைச் சொல்லும்போதே எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் முழுக்கத் தவிர்க்கக்கூடிய நஷ்டம் இது. சிங்கிள் டோரில் ஃப்ரீசர் பெட்டியின் அலுமினியத் தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடும் பாதை இருக்கிறது. தகடு மிக மெல்லியது. கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ ஒரு முறை பட்டால் போதும், புஸ்ஸென்று கேஸ் போய்விடும். தகட்டை ஒட்டலாம், ஆனால் பழையபடி உழைக்கும் என்று எந்த மெக்கானிக்கும் உறுதி சொல்ல முடியாது. இப்போது வரும் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர்600ஏ என்ற ஐசோபியூட்டேன் கேஸ். சமையல் கேஸுக்கு நெருங்கிய உறவு அது, தீப்பிடிக்கும். அளவு சில பத்து கிராம்தான். ஆனாலும் சத்தம் கேட்டால் அடுப்பு பற்ற வைக்காதீர்கள், எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ஐஸ் கரைய நேரம் மட்டும் கொடுத்தால் போதும். ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வையுங்கள். அடியில் பழைய துண்டுகளை விரித்து, ஃப்ரீசருக்குள் ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்து, ஆறினால் மாற்றுங்கள். எதிரே ஃபேனைத் திருப்பி விடுங்கள். பாறை தானாகக் கழன்று வரும்.

டபுள் டோரில் ஐஸ் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஃப்ரீசரின் பின்பலகைக்குப் பின்னால் கூலிங் காயிலில் அது ஒளிந்திருக்கும். அதையும் ஒரு நாள் முன்பே நிறுத்துங்கள். உருகும் நீர் பின்பக்கம் கம்ப்ரஸருக்கு மேலே உள்ள தட்டில் வந்து சேரும். சில மாடல்களில் அந்தத் தட்டு கழலாது. துணியால் ஒற்றி எடுங்கள். விட்டுவிட்டால் வண்டியில் அந்தத் தண்ணீர் வயரிங் மேலும் உங்கள் மெத்தை மேலும் கொட்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பும் இடமும் அதுதான். சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் ஃப்ரிட்ஜின் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

மாவு, கறி, மீன் எல்லாம் முந்தின வாரமே தீர்ந்துவிடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஆப்ப சோடா கலந்து உள்ளே துடைத்து, ஈரம் போகக் காயவிடுங்கள். கண்ணாடித் தட்டுகளைக் கழற்றிப் பழைய புடவையில் சுற்றித் தனியே எடுத்துச் செல்லுங்கள். கதவை பிரவுன் டேப்பால் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரும். பெட்ஷீட் சுற்றிக் கயிற்றால் கட்டினால் போதும். அணைத்து வைத்திருக்கும்போது கதவை இறுக மூடினால் பூஞ்சை பிடிக்கும். மடித்த துணியை இடுக்கில் வைத்துக் கட்டுங்கள். காற்று போக வேண்டும், குழந்தை உள்ளே நுழையக் கூடாது. காலி ஃப்ரிட்ஜுக்குள் குழந்தைகள் ஒளிந்து விளையாடினால் உயிருக்கே ஆபத்து.

இன்சுலினை எக்காரணம் கொண்டும் லாரியில் அனுப்பாதீர்கள், உங்கள் கைப்பையில் வரட்டும். ஆவணியிலும் மதுரையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும். பிரிக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஐஸ் பேக் வைத்த தெர்மல் பையில், ஐஸ் நேராகப் படாதபடி துணி சுற்றி வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் உதவாது, தூக்கித்தான் போட வேண்டும். பயன்பாட்டில் இருப்பது வெளியே எத்தனை நாள் தாங்கும் என்று அதன் கூடவரும் தாளில் போட்டிருக்கும். பல வகைகளுக்கு அது 28 நாள்.

சென்னையில் இறக்கியதும் எர்த் உள்ள தனி பிளக்கில் மாட்டுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, முன்கால்கள் ஒரு சிட்டிகை உயரமாக இருக்கட்டும், கதவு தானாக மூடிக்கொள்ளும். நாலைந்து மணி நேரம் காலியாக ஓடவிட்டுப் பிறகு பொருளை வையுங்கள். பக்கச் சுவர் சுடுகிறதே என்று பதற வேண்டாம், அது கண்டென்ஸரின் சூடு. ஆனால் கம்ப்ரஸர் உறுமிவிட்டு ‘டக்’ என்று நின்று, சிறிது நேரத்தில் மறுபடி அதேபோல் செய்தால் உடனே அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள்.

ஒரு நாள் ஓடியும் ஐஸ் கட்டவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வண்டியில் நின்று வந்ததா, படுத்து வந்ததா, எத்தனை மணி நேரம் கழித்துப் போட்டீர்கள் என்பதை அவர் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். அது தெரியாவிட்டால் கேஸ் குறைந்துவிட்டது என்று நினைத்து, தேவையில்லாமல் கேஸ் நிரப்பிவிடுவார்.