வீட்டுக் கணக்கு: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

வீட்டுக் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றுக்காக 22 வருடம் கட்டடப் பொறியாளராக வேலை பார்த்தேன். கட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்குப் போய், வேலை எதுவரை முடிந்திருக்கிறது என்று பார்த்து அறிக்கை எழுதுவேன். அந்த அறிக்கை போனால்தான் கடனின் அடுத்த பகுதி வெளியே வரும். இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்துக்குப் பதில் எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்துக்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொண்டேன், அது பலருடைய கேள்வி.

அக்கா, மனை கையில் இருக்கிறது. கட்டும் செலவில் மூன்றில் ஒரு பங்கு எங்கள் சேமிப்பு. மீதிக்குக் கடன் ஒப்புதல் ஆகிவிட்டது. ஒப்பந்ததாரர், அடுத்த மாதம் தொடங்கினால் எட்டு மாதத்தில் சாவி கொடுக்கிறேன் என்கிறார். கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஆனாலும் எனக்கு மனசில் ஒரு பயம். என்ன கவனிக்க வேண்டும்?

உங்கள் பயம் நியாயமானது. கூட்டிப் பார்த்தால் கணக்கு சரியாக வந்தும் பாதியில் நின்ற வீடுகள் நிறைய உண்டு. என் வீடே அப்படி நின்றது. சுவர் எழும்பியாயிற்று, மேல்தளம் போட்டாயிற்று, பூச்சு வேலை தொடங்காமல் 11 மாதம் கிடந்தது.

நடந்தது இதுதான். மனையின் ஒரு மூலை எப்போதோ பள்ளமாக இருந்து மண் கொட்டி நிரப்பப்பட்ட இடம். குழி தோண்டும்போதுதான் உடைந்த செங்கலும் குப்பையும் வெளியே வந்தன. நிரப்பிய மண்ணில் அஸ்திவாரம் நிற்காது. கெட்டி மண் கிடைக்கும்வரை இன்னும் 3 அடி இறங்க வேண்டியிருந்தது. எங்கள் சேமிப்பில் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழேயே போய்விட்டது. அதற்கப்புறம் கடன் பணத்தை நம்பித்தான் ஒவ்வொரு கட்டமும். கடன் கொடுப்பவர் ஒரு கட்டம் முடிந்த பிறகு பணம் தருவார். ஒப்பந்ததாரர் கட்டம் தொடங்கும் முன்பே பணம் கேட்பார், ஏனென்றால் அவர் ஆட்களுக்கு வாரக் கூலி கொடுத்தாக வேண்டும். இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்ப என்னிடம் பணம் இல்லை. அவர் ஆட்களை வேறு வேலைக்கு அழைத்துப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. படிக்கட்டுக்காக விட்டிருந்த கம்பிகள் மழையில் துருப்பிடித்தன. வாங்கி அடுக்கிய சிமென்ட்டில் அடி வரிசை மூட்டைகள் கல்லாகிவிட்டன. இவ்வளவு நாளும் ஒரு கையால் வாடகை, இன்னொரு கையால் கடன் வட்டி.

அதனால், எவ்வளவு பணம் இருக்கிறது என்பதோடு எந்த வாரம் எவ்வளவு பணம் கையில் இருக்கும் என்பதையும் பாருங்கள். ஒரு நோட்டில் மாதவாரியாகக் கோடு போட்டு, ஒரு பக்கம் வரும் பணம், மறுபக்கம் போகும் பணம் என்று எழுதுங்கள். நடந்துகொண்டிருக்கும் வாடகையையும் அதில் சேர்க்க வேண்டும். கட்டும் காலத்தில் பெரும்பாலும் வாங்கிய பகுதிக்கு மட்டுமே வட்டி வரும். அது சின்னதாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு பகுதி வாங்கும்போதும் கூடிக்கொண்டே போகும். எட்டு மாதம் என்றால் கணக்கைப் பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டாவது மாதத்திலும் மூச்சு விட முடிகிறதா என்று பார்த்த பிறகு தொடங்கலாம்.

அடுத்தது, கடன் எந்தெந்தக் கட்டத்தில் எத்தனை சதவீதம் வரும் என்ற அட்டவணையைக் கடன் கொடுப்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அஸ்திவாரம் முடிந்தால் இவ்வளவு, லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) வந்தால் இவ்வளவு, தளம் போட்டால் இவ்வளவு என்று இருக்கும். ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்கும் கட்டங்களையும் அதே வரிசையில், அதே பெயர்களில் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரியத்தை நான் செய்திருந்தால் அந்த 11 மாதம் இருந்திருக்காது. அதோடு, இருப்பதிலேயே பெரிய கட்டத்துக்கு (பெரும்பாலும் தளம் போடும் கட்டம்) ஆகும் செலவு எவ்வளவோ அவ்வளவு பணத்தைச் சேமிப்பிலிருந்து தனியாக ஒதுக்கி வையுங்கள். அதைச் செலவு செய்யலாம். ஆனால் கடன் பகுதி வந்த உடனே திரும்ப அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். சொந்தப் பங்கை முதலில் போட்டு முடித்த பிறகுதான் கடன் தருவோம் என்று சிலர் சொல்வார்கள். உங்களுடையது அப்படியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்படியென்றால் இந்த ஒதுக்கீடு அந்தப் பங்குக்கு வெளியே இருக்க வேண்டும். அதற்காக வீட்டில் ஒரு அறை குறைந்தாலும் பரவாயில்லை.

எதிர்பாராத செலவுக்கு மொத்த மதிப்பீட்டில் 10 முதல் 15 சதவீதம் வையுங்கள். எதிர்பாராதது பெரும்பாலும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. வரைபடம் முடிவாகும் முன்பே மண் பரிசோதனை செய்யுங்கள். மனையில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் பாருங்கள், மூலைகளை விடாதீர்கள். களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதற்கு அஸ்திவாரமே வேறு மாதிரி. இது முன்னால் தெரிந்தால் அது திட்டத்தில் ஒரு வரி, தோண்டிய பிறகு தெரிந்தால் ஒரு வருடம்.

வரைபடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30 அடிக்கு 30 அடி வீடு 900 சதுர அடி, சுற்றுச் சுவரின் நீளம் 120 அடி. அதே 900 சதுர அடியை 15க்கு 60 என்று நீட்டினால் சுவர் 150 அடி. உள்ளே இடம் ஒன்றுதான், வெளிச்சுவர் மட்டும் கால் பங்கு கூடுதல். அதற்கு அஸ்திவாரம், பூச்சு, வண்ணம் எல்லாமே கூடும். மூலைகள் அதிகமானாலும் இதேதான். மனை ஒடுங்கலாக இருந்தால் வேறு வழியில்லை. ஆனால் அழகுக்காக மட்டும் ஒரு மூலையை உள்ளே தள்ளச் சொல்கிறார்கள் என்றால், இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். குளியலறைகளையும் சமையலறையையும் ஒரே பக்கம் வைத்தால் குழாய் நீளம் குறையும், பின்னால் கசிவு வந்தால் தேடவும் சுலபம். ஜன்னலை இரண்டு அடி நகர்த்துவது காகிதத்தில் ரப்பர் வேலை. சுவர் எழுந்த பிறகு அதுவே இடிப்பு, பூச்சு, கூடுதல் பில். ஆறு மாதம் வரைபடத்தோடு உட்காருவது தாமதமே இல்லை.

இரண்டு ஒப்பந்ததாரர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார்கள். ஒருவர் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகச் சொல்கிறார். அவரிடமே கொடுத்துவிடலாமா?

எந்தச் சதுர அடி என்று முதலில் இரண்டு பேரிடமும் கேளுங்கள். ஒருவர் பால்கனியையும் படிக்கட்டையும் முழுதாக எண்ணியிருப்பார், இன்னொருவர் பாதியாக எண்ணியிருப்பார். அடுத்து, அந்த விலையில் எது இல்லை என்று கேளுங்கள். சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, வெளி வாசல் கேட், மொட்டை மாடியின் நீர்க்கசிவுத் தடுப்பு, இவையெல்லாம் பல நேரங்களில் வெளியே நிற்கும். என்ன கம்பி, என்ன வயர், எத்தனை மின்முனை, தரைக்கு என்ன, கதவுக்கு என்ன மரம் என்று பொருள்வாரியாக எழுதி, அதே பட்டியலை இருவரிடமும் கொடுத்து விலை போடச் சொல்லுங்கள். அப்புறம் ஒப்பிட்டால்தான் அது ஒப்பீடு. எனக்குத் தெரிந்த வரை இந்தப் பட்டியலைப் போட்டதும் வித்தியாசத்தில் பெரும்பகுதி காணாமல் போகும்.

கூடுதல் வேலை எதுவானாலும் விலையை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே தொடங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேருங்கள். மொத்தத் தொகையில் 5 சதவீதத்தைக் குடிபோன பிறகு ஒரு மழைக்காலம் கழித்துத் தருவதாக ஒத்துக்கொள்ளச் செய்யுங்கள். நல்ல ஒப்பந்ததாரர் இதற்குத் தயங்கமாட்டார்.

கடனை 15 வருடத்துக்குப் போடுவதா, 20 வருடத்துக்கா? கணவர் ஒன்று சொல்கிறார், நான் ஒன்று சொல்கிறேன்.

எண்ணை முன்னால் வைத்துக்கொண்டு பேசலாம். கடன் 100 பங்கு, வட்டி 8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20 வருடத்தில் நீங்கள் திருப்பிக் கட்டுவது சுமார் 201 பங்கு. 15 வருடத்தில் சுமார் 172. மாதத் தவணை 15 வருடத்துக்கு ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதலாக இருக்கும்.

பார்த்தால் 15தான் நல்லது என்று தோன்றும். ஆனாலும் வீடு கட்டி முடித்த முதல் இரண்டு வருடம் கை மிகவும் இறுக்கமாக இருக்கும், அலமாரி, திரைச்சீலை என்று செலவு நிற்காது. அபராதம் இல்லாமல் முன்கூட்டிக் கட்ட அனுமதி இருந்தால் 20க்குப் போட்டுவிட்டு, பணம் வரும்போது அசலில் கட்டுங்கள் என்பேன். 20 வருடக் கடனின் முதல் தவணையில் ஏறக்குறைய 80 சதவீதம் வட்டிக்கே போகிறது. அதனால் ஆரம்பத்தில் கட்டும் கூடுதல் பணத்துக்குத்தான் பலம் அதிகம். முதல் வருட முடிவில் கடனில் 5 பங்கை மட்டும் கூடுதலாக அடைத்துவிட்டு, தவணையை மாற்றாமல் கட்டி வந்தால் கடைசியில் சுமார் 25 மாதம் குறையும். தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், சிலர் தாமாகவே தவணையைக் குறைத்துவிடுவார்கள்.

மாறும் வட்டி என்றால் இன்னொன்றும் பாருங்கள். 8 சதவீதம் 10 ஆனால் 20 வருடக் கடனின் தவணை 15 சதவீதத்துக்கு மேல் உயரும். அந்தத் தொகையை இப்போதே மூன்று மாதம் தனியாக எடுத்து வைத்து வாழ்ந்து பாருங்கள். கணவரும் நீங்களும் சண்டை போடாமலே விடை தெரிந்துவிடும்.

அக்கா, மாமனார் பெயரில் மனை. கடன் என் கணவரும் நானும் சேர்ந்து வாங்குகிறோம். கொழுந்தனும் கொஞ்சம் பணம் தருகிறார். குடும்பத்துக்குள் எழுத்து எதற்கு என்கிறார்கள். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாதீர்கள், தங்கை. பாசம் இருக்கும்போதே எழுதுவதுதான் சுலபம். கடன் யார் பெயரில் என்பது வேறு, மனையும் வீடும் யார் பெயரில் என்பது வேறு. கடனில் கையெழுத்துப் போட்டவர் கடைசித் தவணை வரை பொறுப்பு. அதனால் மட்டும் அவர் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். உங்கள் சம்பளம் பல வருடம் ஒரு வீட்டுக்குப் போகப்போகிறது. அதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்பது பேராசை ஆகாது.

கொழுந்தன் தரும் பணம் அன்பளிப்பா, கடனா, வீட்டில் பங்கா? இந்த மூன்றில் எது என்பதை அவரே சொல்ல வேண்டும், ஒரு தாளில். மாமனார் நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். கணவர் பேச்சைத் தொடங்கட்டும், அவர் வீட்டுப் பேச்சு அது. பேசி முடிந்ததை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்து உங்கள் சட்டப்படி சரியான பத்திரமாக்குங்கள். இது முடியும்வரை அஸ்திவாரத்துக்கு நாள் குறிக்க வேண்டாம். ஒருவர் மனையில் இன்னொருவர் பணத்தில் கட்டிய வீட்டுக்கு அறிக்கை எழுதப் போய், அண்ணனும் தம்பியும் என்னிடம் தனித்தனியாக வந்து பேசிய நாட்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

தளம் போட்டு நான்கு நாள்தான் ஆகிறது. தண்ணீர் ஊற்றியது போதும் என்று மேஸ்திரி நிறுத்திவிட்டார். வீட்டு வேலை பாதியில் இருக்கும்போதே பணமும் தீர்ந்துகொண்டிருக்கிறது. முழுதாக முடிக்காமல் குடிபோகலாமா?

தண்ணீரை இன்றே திரும்பத் தொடங்குங்கள். கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிந்துதான் இறுகுகிறது. ஏழாம் நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமை வரும், முழு வலிமையை 28ஆம் நாளில்தான் சோதிப்பார்கள். சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள், வெயில் கடுமையாக இருந்தால் அதற்கு மேலும் தளம் ஈரமாகவே இருக்க வேண்டும். சாக்கை நனைத்துப் போட்டாலும் போதும். தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளைப் பொறியாளர் சொல்லும் நாள் வரை எடுக்க விடாதீர்கள். இந்த வேலையில் செலவு தண்ணீர் மட்டும்தான்.

குடிபோவதைப் பற்றி: போகலாம், நானும் அப்படித்தான் போனேன். உள்ளாட்சி அனுமதியும் கடன் கொடுத்தவரின் நிபந்தனையும் அதற்கு இடம் தருகிறதா என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். இருக்கும் பணத்தை இந்த வரிசையில் போடுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் இறங்காமல் செய்வது, வெளிப்பூச்சு, வெளிக் கதவு ஜன்னல்கள், எர்த்தும் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் கம்பி) கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் சேர்த்த முழு வயரிங், தண்ணீர், ஒரு கழிப்பறை, அடுப்பு வைக்க ஒரு மேடை. சுவருக்குள் போக வேண்டிய குழாயும் வயரும் எதையும் மிச்சம் வைக்காதீர்கள், பின்னால் அதற்காகச் சுவரை வெட்ட வேண்டியிருக்கும். மாடி பின்னால் கட்டும் எண்ணம் இருந்தால், அஸ்திவாரமும் தூணும் அந்த எடைக்குக் கணக்கிடப்பட்டவையா என்று பொறியாளரிடம் எழுத்தில் வாங்கி வைத்துவிட்டு, நீட்டி நிற்கும் கம்பிகளுக்குச் சிமென்ட் பால் (தண்ணீரில் கரைத்த சிமென்ட்) பூசி மூடிவிடுங்கள்.

உள்வண்ணம், அலமாரி, இரண்டாவது குளியலறையின் ஓடு, கேட், எல்லாம் காத்திருக்கும். நின்றுபோகும் வாடகையையே அதற்கு மாதாமாதம் ஒதுக்கலாம். எங்கள் வீட்டில் பின்னறைக்குக் கதவு இரண்டாம் வருடம்தான் வந்தது. அதுவரை அம்மாவின் பழைய புடவை ஒன்று அங்கே தொங்கியது, அம்மா அந்த அறையில்தான் படுத்துக்கொண்டார். வெளிப்பூச்சை மட்டும் மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். குடிபோனதும் எனக்கு எழுதுங்கள்.