கோரை பிடித்த கரிசலில் சின்ன வெங்காயம்: மருந்துக்கு முன் உழவு

பல்லடம் பக்கம் ஒன்றரை ஏக்கர் கரிசல் காடு, மூன்று வருடமாகச் சும்மா கிடந்தது. ரோட்டவேட்டரில் (டிராக்டரில் பூட்டும் சுழல் கலப்பை) இரண்டு ஓட்டு ஓட்டியும் கோரை முன்னைவிட அடர்த்தியாக வருகிறது, அடிமண் கெட்டியாக இருக்கிறது. ஐப்பசியில் சின்ன வெங்காயம் ஊன்ற என்ன களைக்கொல்லி அடிக்கலாம் என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

மருந்து அப்புறம். முதலில் ரோட்டவேட்டரை நிறுத்துங்கள். ஒரு கோரையை மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டிப் பாருங்கள்: கிழங்குகள் ஒரே வேரில் மணிமணியாகக் கோத்திருக்கும். ரோட்டவேட்டர் அதைத் துண்டாக்கித் தோட்டம் முழுக்க விதைத்துவிடுகிறது. ஈரக் களிமண்ணில் ஓட்டினால் மேலே பொலபொலவென்று தெரியும். கத்தி எட்டாத ஆழத்தில் மண் இறுகிக்கொண்டே போகும்.

பங்குனியில் நிலம் நன்றாகக் காய்ந்திருக்கும்போதே, அடிமண்ணைப் பிளக்கும் உளிக்கலப்பை ஓட்டுங்கள். அரை மீட்டர் இடைவெளி, 40 செ.மீ. ஆழம், குறுக்கும் நெடுக்கும். அடிமண் காய்ந்திருந்தால்தான் நொறுங்கும், ஈரமாக இருந்தால் வெறும் கீறல்தான் விழும். கோடை மழை கிடைத்ததும் சட்டிக் கலப்பையால் புரட்டிப் போடுங்கள். அதற்குப் பதம் முக்கியம்: கைப்பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்தினால் உதிர வேண்டும், திரியாக நீண்டால் இரண்டு நாள் பொறுங்கள். கட்டி கட்டியாகக் கிடந்தால் கவலை வேண்டாம், உடைக்கவும் வேண்டாம். மேலே வந்த கிழங்கு வெயிலில் சுருங்கட்டும். பதினைந்து நாள் விட்டு இன்னொரு முறை புரட்டுங்கள்.

கோரைக்கு நிழல் ஆகாது. ஆடியில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப் பயிர்) விதைத்து அடர்த்தியாக வளரவிட்டால் கோரை கீழே மெலிந்துபோகும். 45 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுங்கள். கூடவே ஏக்கருக்கு 5 டன் மக்கிய குப்பை. மக்காத சாணத்தில் களை விதை உயிரோடு வரும். காங்கேயம், பொள்ளாச்சியில் தேங்காய் நார்க்கழிவு எளிதாகக் கிடைக்கும். அதையும் மட்க வைத்த பிறகே போடுங்கள். மணல் லோடு இறக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நாலைந்து லோடு மணலால் களிமண் இளகாது, காசுதான் கரையும். ஜிப்சமும் மண் பரிசோதனையில் களர் (சோடியம் மிகுந்த மண்) என்று தெரிந்தால் மட்டும்.

தக்கைப்பூண்டு மக்க மூன்று வாரம் கொடுத்து, பார் (ஊன்றுவதற்கான மேடு) பிடித்து, ஒரு தண்ணீர் விட்டுக் காத்திருங்கள். முளைக்கிற களையை மேலாகக் கொத்திவிட்டு வெங்காயம் ஊன்றலாம். இப்போது வேண்டுமானால் பென்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி அடிக்கலாம், விதையில் முளைக்கும் களைக்கு அது கேட்கும். கோரைக்குக் கேட்காது, மிச்சம் வருவதைக் கிழங்கோடு கொத்தி எடுக்க ஆள் விட வேண்டும்.