மரக்காணத்து உப்புக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் என்ன தொடர்பு?

பக்கிங்காம் கால்வாய் என்பது கடற்கரையை ஒட்டி, உப்பங்கழிகளை இணைத்து வெட்டப்பட்ட படகுப் பாதை. அதன் தெற்கு முனை, விழுப்புரம் மாவட்டக் கடற்கரை ஊரான மரக்காணம்.

உப்புத் தொழில் இங்கே கால்வாயை விட மிகப் பழையது. சங்கப் பாட்டான சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. அந்தப் பாட்டிலேயே வண்டியோடு உமணர், அதாவது உப்பு வணிகர், வருகிறார்கள். கழியின் உவர்நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் வற்றவிட்டு, படியும் உப்பை வாருவதுதான் வேலை. இன்றும் அதே முறைதான்.

சிக்கல், விற்கும் இடத்துக்குக் கொண்டுபோவதில் இருந்தது. உப்பு மலிவான சரக்கு, ஆனால் கனம் அதிகம். மாட்டுவண்டிக் கூலியே விலையைத் தின்றுவிடும். கிணற்றில் வாளி நீருக்குள் இருக்கும்வரை லேசாக இருக்கிறது, மேலே வந்ததும் கை வலிக்கிறது அல்லவா? படகும் அப்படித்தான்: பாரத்தைத் தண்ணீர் சுமக்கிறது, ஆள் தள்ளினால் போதும். கடலில் போகலாமே என்றால், அலை மோதும் இந்தக் கரையில் சிறு படகுகளுக்கு ஒதுங்க இடம் குறைவு.

1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாய், பின்னர் தெற்கே மரக்காணம் வரை நீண்டது; உப்பும் படகேறியது. 1876–78 பஞ்சத்தில், கூலிக்கு வந்த பட்டினி மக்கள் சென்னைக்குள் ஒரு பகுதியை வெட்டினார்கள். பெயர் மட்டும் அன்றைய ஆளுநர் பக்கிங்காமுக்குப் போனது! பிறகு ரயிலும் லாரியும் வந்தன, படகுகள் ஓய்ந்தன.

சென்னையில் இதைப் பார்ப்பவர்கள் சாக்கடைக்காக வெட்டியது என்று நினைக்கிறார்கள். இல்லை, கழிவுநீர் பின்னால் வந்து சேர்ந்தது.